வேர்ச்சொல் வழி ஆங்கிலம்

கிரேக்க, லத்தீன் வேர்களைக் கொண்டு ஆங்கிலச் சொற்களின் பொருளை எட்டும் முறை. டொரண்டோவில் ஸ்டீல்ஸ் அவென்யூவை ஒட்டிய மில்லிக்கனில் ஈழத்தமிழர் பலர் வாழ்கிறார்கள். அங்கே தமிழறிந்த பிள்ளைக்கு இதில் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடுகிறது.

‘டெலி’ தொலைவு, ‘ஸ்கோப்’ நோக்குவது. ஆகவே டெலிஸ்கோப், தொலைநோக்கி. ‘மைக்ரோ’ நுண்மை, மைக்ரோஸ்கோப், நுண்ணோக்கி. ‘ஃபோன்’ கிரேக்கத்தில் ஒலி. தமிழ் அதைப் பேச்சாக்கித் தொலைபேசி என்றது, அழகான விலகல்.

மருத்துவத்தில் இவ்வேர்கள் மண்டிக்கிடக்கின்றன. 1860களில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், அவற்றுக்கெல்லாம் தமிழ்ச்சொல் தேடினார். பெரும்பணி அது.

வேர் வழுக்கவும் செய்யும். வீதியில் நடப்பவர் ‘பெடஸ்ட்ரியன்’. அதன் லத்தீன் வேர் பாதம். குழந்தை மருத்துவர் ‘பீடியாட்ரிஷியன்’. அதன் கிரேக்க வேர் குழந்தை. கனடிய வழக்கில் பெரும்பாலும் இரண்டும் ped என்ற ஒரே மூன்றெழுத்தில்தான் தொடங்குகின்றன.