துண்டும் சான்றிதழும்: மலையகத்தை வெளியே நிறுத்திக் கட்டிய ஒற்றுமை

பல இனங்கள் வாழும் நாட்டில் தேச ஒற்றுமையை எப்படிக் கட்டுவது என்று கேட்டால், நம் சமூகவியல் வகுப்பறைகள் மொழி, மதம், கூட்டாட்சி என்று தொடங்கும். சாதி பெரும்பாலும் அந்தப் பேச்சில் வராது. இலங்கை மலையகத்தின் வரலாற்றில் அதைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது.

இலங்கை 1948 பிப்ரவரி 4 அன்று விடுதலை பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் நாடற்றவர் ஆனார்கள். சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. தகப்பன்வழி முன்னோர் தீவில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது, அவ்வளவுதான். திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன அந்த மக்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர். கங்காணிகளில் பலர் மேல்சாதியினர். லயங்கள்கூட சாதி பார்த்தே பிரிக்கப்பட்டன. ஒருவருக்கு எவ்வளவு கடன் என்று காட்டும் 'துண்டு' 1921 வரை அவர்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. கடனுக்குக் கணக்கு வைத்திருந்தவர்கள் பிறப்புக்கு வைத்திருக்கவில்லை!

1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவர்கூட நாடாளுமன்றம் போகவில்லை. ஆனால் தொகுதிகளைப் பிரிக்கும்போது மட்டும் அவர்களுடைய தலைகளும் எண்ணப்பட்டன. அதனால் மலைநாட்டில் கூடிய இடங்கள் சிங்கள வாக்காளர்களுக்குக் கிடைத்தன. இதற்கும் தேசக் கட்டுமானம் என்றுதான் பெயர்.

தமிழ்த் தலைமையின் பங்கையும் பேசியாக வேண்டும். முதல் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜி.ஜி. பொன்னம்பலம், சில வாரங்களில் அமைச்சராகி, அடுத்து வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்துக்குத் துணைபோனார். செல்வநாயகம் பிரிந்துபோய் தமிழரசுக் கட்சி தொடங்கினார். எனக்கு இவர்களைவிட முக்கியமானவர் சி. சுந்தரலிங்கம். அந்த மசோதா மீது 1948 டிசம்பரில் வாக்கெடுப்பு வந்தபோது அவையை விட்டு வெளியேறி, அமைச்சர் பதவியையும் துறந்தார். நேர்மையான செயல், மறுப்பதற்கில்லை. அதே சுந்தரலிங்கம் 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நின்று, ஒடுக்கப்பட்ட தமிழர்கள் உள்ளே போகாதபடி மறித்தார். கொழும்பில் சமத்துவம் கேட்ட குரல் யாழ்ப்பாணத்தில் தீட்டு பேசியது. இதை அவருடைய தனிப்பட்ட முரண்பாடாக நான் பார்க்கவில்லை. இன ஒற்றுமை பேசிய எல்லோருமே, சாதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றே தள்ளிவைத்தார்கள்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களில் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக் கூடையைத்தான் தூக்கினார்கள். பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டபோது, எந்த ஊர், என்ன ஆதாரம் என்று தாலுகா அலுவலகம் கேட்டது. தீண்டாமைக்கு இல்லாத சந்தேகம் சலுகைக்கு வந்துவிட்டது!

அங்கேயே தங்கியவர்களில் எஞ்சிய நாடற்றவர்களுக்கு 2003இல்தான் சட்டம் முழுமையாக வழி திறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள். வாக்கு வந்தது, நிலம் வரவில்லை. பல தோட்டங்களில் லயத்து வீட்டுக்கென்று தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட நிர்வாகத்தின் கைக்குப் போய்த்தான் வந்து சேர்கின்றன.