பாதம் கழுவிய வைத்தியம்

தெருவில் உறங்குவோருக்கு முதலிற் கெடுவது பாதம். பனியில் நனைந்த சப்பாத்தைக் கழற்ற இடமின்றி நாட்கணக்கில் அணிந்திருப்பதால் தோல் அழுகும். படுக்க இடமின்றி இருந்தபடியே உறங்குவதாற் கால்கள் வீங்கும். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் இதனை நன்கறிந்திருந்தோர் தாதியரே.

அந்நகரில் 1969ஆம் ஆண்டு பைன் ஸ்ரீற் இன் என்னும் இரவுத் தங்குமிடம் தோன்றியது. வைத்தியசாலையில் நெடுநேரம் காத்திருந்தும் அலட்சியமே கண்டு திரும்பியோருக்காக, 1972இல் தாதியர் அங்கேயே ஒரு சிகிச்சைக்கூடம் அமைத்துத் தாமே நடத்தினர்.

1985இல் வீடற்றோருக்கான சுகாதாரத் திட்டமொன்று நகரில் ஆரம்பமாயிற்று. அதிற் சேர்ந்த இளம் வைத்தியர் ஜிம் ஓ'கொனல் ஓராண்டு மட்டுமே பணியாற்ற எண்ணியிருந்தார். பின்னர் நியூயோர்க் சென்று புற்றுநோய்த்துறையிற் பயில்வது அவர் நோக்கம். புதிய வைத்தியரைத் தாதியர் ஐயத்துடனேயே நோக்கினர். பல ஆண்டுகள் பாடுபட்டுப் பெற்ற நம்பிக்கையை அவசரக்காரர் ஒருவர் ஒரே நாளிற் கெடுத்துவிடலாம் அல்லவா? மூத்த தாதி பாபரா மக்கினிஸ் அவருடைய ஸ்ரெதஸ்கோப்பை அப்பால் வைக்கச் செய்து, பாத்திரத்தில் மருந்து நீர் ஊற்றி, வருவோரின் கால்களைக் கழுவும்படி பணித்தார். கேள்விகள் கேட்கவும் இடமளிக்கவில்லை. பட்டம் பெற்ற வைத்தியருக்கு இது எளிதான பாடமன்று.

கால்கள் பெரிதும் வீங்கிய முதியவர் ஒருவர் அங்கே வருவதுண்டு. மனநோயும் உடையவர், வைத்தியர் தந்த மருந்தெதனையும் ஏற்காதவர். வாரக்கணக்காகத் தம் கால்களைக் கழுவியவரிடம் ஒருநாள் அவரே வாய் திறந்தார்: வைத்தியரென்று சொல்லிக்கொண்டு இதென்ன வேலை என்று வினவினார். அதன் பின்னரே மருந்துண்ண இசைந்தார்.

வைத்தியர் நோயாளியின் காலடியில் அமரும்போது யார் யாருக்குக் கட்டளையிடுவது என்ற முறையே தலைகீழாகிறது. தாதியர் கண்ட நுட்பம் இதுவே. பிற்காலத்தில் இரவு வண்டியிற் போர்வையும் சூடான சூப்பும் கொண்டு தெருத்தெருவாகச் சென்றபோதும், அந்தப் பொறுமையே ஓ'கொனலுக்குத் துணையாயிற்று. ஓராண்டுக்கென வந்தவர் பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார்.

வைத்தியசாலையில் வைத்திருக்கவும் இயலாத, தெருவுக்கு அனுப்பவும் தகாத நோயாளருக்கென 1993இல் திறக்கப்பட்ட இல்லத்திற்குப் பாபரா மக்கினிஸின் பெயரே சூட்டப்பட்டது. அவர் 2003இல் மறைந்தார். 2008இல் அவ்வில்லம் 104 கட்டில்களுடன் புதிய இடத்திற்கு மாறிற்று; முன்னர் நகரத்தின் பிணவறை இருந்த கட்டடம் அது.