பத்து மார்க் தாளில் இருந்த நில அளவையாளர்

போன ஞாயிற்றுக்கிழமை பழைய கடுதாசிகளைத் துப்புரவாக்கும்போது ஒரு பத்து மார்க் தாள் கையில் தட்டுப்பட்டது. 2001 இல் நான் கோப்பை கழுவின முதல் குசினியில் கிடைத்த முதல் சம்பளத்தில் ஒரு தாள். 2002 தை முதலாம் திகதி யூரோ புழக்கத்துக்கு வந்தபோது மற்றதையெல்லாம் மாற்றிவிட்டேன். இதை மட்டும் வைத்திருந்தேன். இப்பவும் ஜேர்மன் மத்திய வங்கியில் கொடுத்தால் 5 யூரோ 11 சதம் தருவார்கள். கொடுக்கிற எண்ணம் இல்லை. காரணம், அதில் இருக்கிற மனிதர்.

அவர் கார்ல் பிரீட்ரிக் கவுஸ். ஊரில் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருசம் கணிதம் படித்தவன் நான். மூன்றாம் வருசம் இல்லை, அது வேறு கதை. அந்த இரண்டு வருசத்தில் கவுஸின் பெயர் வராத பாடம் குறைவு. ஆனால் தாளைத் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கு ஆச்சரியம். பின்பக்கத்தில் கோணம் அளக்கிற கருவி ஒன்று. கீழே மூலையில் சின்னச் சின்ன முக்கோணங்களாக ஒரு வலை. கணிதப் பேராசிரியரின் படத்துக்குப் பின்னால் சேவையர் வேலைக்கு என்ன அலுவல் என்று யோசித்தேன். பிறகு நகர நூலகத்தில் அகராதியும் கையுமாக இருந்து வாசித்துத்தான் விளங்கியது.

கவுஸ் 1777 சித்திரை 30 இல் பிறவுண்ஸ்வைக் நகரில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். தகப்பன் தோட்டவேலை, மேசன்வேலை என்று கிடைத்ததைச் செய்தவர். பெடியனின் கெட்டித்தனத்தைக் கண்டு அந்த நாட்டுக் கோமகன் படிக்கக் காசு கொடுத்தார். 1795 இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர், 1798 இல் அங்கே பட்டம் எடுக்காமலே வெளியேறினார். (இதை வாசித்தபோது எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் அடுத்த வருசமே ஹெல்ம்ஸ்ரெட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் வாங்கிவிட்டார். நான் குசினிக்குப் போனேன்.) 1807 இல் அதே கோட்டிங்கனுக்கு வானியல் பேராசிரியராகவும் வானிலையத்தின் பணிப்பாளராகவும் திரும்பி வந்து, 1855 இல் சாகும்வரை அங்கேயே இருந்தார்.

நில அளவை அவரிடம் வந்தது இப்படித்தான். அவருடைய நண்பர் சூமாகர் என்பவர் டென்மார்க்கை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு வந்தார். அந்த அளவையைத் தெற்கே ஹனோவர் இராச்சியத்துக்குள் கொண்டுபோகக் கவுஸிடம் கேட்டார். 1820 இல் அரசர் அனுமதி கொடுத்தார். 1821 தொடக்கம் 1825 வரை, கோடைகாலங்களில், ஐரோப்பாவின் முதன்மைக் கணித அறிஞர் குதிரைவண்டியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு மலை, காடு, தேவாலயக் கோபுரம் என்று ஏறி இறங்கினார். எங்கள் பக்கத்திலும் இதே முக்கோண முறையில்தான் 1802 இல் சென்னைப் பரங்கிமலையடியில் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியிருந்தார்.

முக்கோண முறை பெரிய மந்திரமில்லை. ஒரே ஒரு கோட்டின் நீளத்தை மிகக் கவனமாக அளந்துகொண்டால் போதும். பிறகு தூரத்தில் தெரிகிற உச்சிகளுக்குக் கோணம் மட்டும் அளந்து, மற்றப் பக்கங்களைக் கணக்கில் எடுக்கலாம். ஆனால் உச்சி தெரியவேண்டும். லூனபேர்க் பகுதி சமதரை, மரக்காடு. பார்வைக்கோட்டுக்காக மரம் தறித்து வழி வெட்டவேண்டி வந்தது. வெட்டினவர்களின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

தூரத்துப் புள்ளியைக் காண்பதற்குக் கவுஸ் 1821 இல் ஒரு கருவி செய்தார். பெயர் ஹீலியோட்ரோப். அதற்கு முன்னர் ஒருமுறை லூனபேர்க்கில் நின்று பார்க்கும்போது, ஹம்பேர்க் மிக்கேல் தேவாலயத்து யன்னல் கண்ணாடியில் பட்ட வெயில் அவ்வளவு தூரத்துக்கும் பளிச்சென்று தெரிந்ததாம். அதுதான் பொறி. கண்ணாடியால் வெயிலை அளக்கிறவரின் தொலைநோக்கிக்கு நேரே திருப்பி விடுவது. இதை வைத்து ஹோகர் ஹாகன், புறொக்கன், இன்செல்ஸ்பேர்க் என்ற மூன்று மலை உச்சிகளை இணைத்து ஒரு பெரிய முக்கோணம் அளந்தார். அதன் மிக நீண்ட பக்கம் 100 கிலோமீற்றருக்கும் கூட.

இனித்தான் நான் சொல்ல வந்த விசயம்.

ஒரு முக்கோணத்தின் இரண்டு கோணங்களை மட்டும் அளந்தால் மூன்றாவதைக் கழித்துக் கண்டுபிடிக்கலாம். சண்டை சச்சரவில்லை. ஆனால் மூன்றையும் அளந்துபார்த்தால் கூட்டுத்தொகை ஒருநாளும் சரியாக வராது. இரண்டு மூன்று விகலை கூடும், அல்லது குறையும். (ஒரு பாகையில் 3600 விகலை.) காற்றின் அசைவு, கண்ணின் களைப்பு, கருவியின் குறை. இப்படி நூற்றுக்கணக்கான கோணங்கள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு நிற்கும். எதை நம்புவது?

கவுஸின் பதில்: ஒன்றையும் தூக்கி எறியவேண்டாம். எல்லா அளவையும் எடுத்துக்கொள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பிழை இருக்கிறது என்று ஒப்புக்கொள். பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் எந்த விடைக்கு ஆகக்குறைந்த தொகை வருகிறதோ, அதுவே உண்மைக்கு ஆகக்கிட்ட நிற்கும் விடை. இதுதான் இழிவு வர்க்க முறை. இதை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் பிரான்சின் லெஜான்டர், 1805 இல். கவுஸ் 1809 இல் வெளியிட்டுவிட்டு, தான் 1795 இலிருந்தே பாவிப்பதாகச் சொல்ல, லெஜான்டருக்குக் கோபம். ஆனால் அளவைப் பிழைகளின் கோட்பாட்டை 1823 இலும் அதன் தொடர்ச்சியை 1828 இலும் முழுமையாக எழுதி வைத்தவர் கவுஸ்தான்.

இதை வாசித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கனநேரம் இருந்தேன்.

1996 இல் யாழ்ப்பாணத்தில் என்னுடைய அண்ணாவைக் கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. 2000 இல் இங்கே எனக்கு அகதி விசாரணை நடந்தது. முதல் விசாரணையில் அண்ணாவைப் பிடித்த திகதி ஆவணி 12 என்றேன். பிறகு நடந்ததில் ஆவணி 15 என்று வாயில் வந்துவிட்டது. முடிவுக் கடிதம் வந்தபோது மொழிபெயர்ப்பாளர் வாசித்துச் சொன்னார்: "தம்பி, நீர் சொன்னதில முரண்பாடு இருக்காம். நம்ப ஏலாதாம்." மூன்று நாள் வித்தியாசம். அம்மாவிடம் ரெலிபோனில் கேட்டேன். "13 ஆ 14 ஆ எண்டு எனக்கும் சரியாத் தெரியேல்லையப்பு. அண்டைக்கு நான் சோறு போட்டு வச்சனான், அவன் சாப்பிடேல்ல" என்றா. மேன்முறையீடு செய்து, நாலு வருசத்துக்குப் பிறகுதான் எனக்கு விசா கிடைத்தது.

நான் மேலே சொன்னதைத் திருப்பிப் பாருங்கள். முரண்பாடே வராமல் இருக்க ஒரேயொரு வழிதான் உண்டு: ஒருமுறை மட்டும் அளந்துவிட்டுப் பேசாமல் இருப்பது. திரும்பத் திரும்பக் கேட்டால் வித்தியாசம் வரத்தான் செய்யும். அளவுகோலே இல்லாமல், பயத்துக்குள் நின்று அளந்த திகதிக்கு மூன்று நாள் பிழை பெரிய பிழையா? பொய் சொல்கிறவனுக்குத்தான் ஒவ்வொருமுறையும் ஒரே விடை வரும், ஏனென்றால் அவன் பாடமாக்கி வைத்திருக்கிறான். அதற்காகக் கவுஸ் எல்லாவற்றையும் நம்பின அப்பாவியும் இல்லை. எவ்வளவு வித்தியாசம் இயல்பானது என்று கணக்குப் பார்க்கவே அவர் முறை எழுதினார். அந்த எல்லையைத் தாண்டினால் திரும்பவும் அளக்கவேண்டும். தாண்டாவிட்டால் அது பிழை, பொய் இல்லை. இந்த நாட்டின் காசுத்தாளில் அச்சடித்து என் கையிலேயே தந்திருந்தார்கள் இந்தப் பாடத்தை.

இன்னொரு விசயமும் இருக்கிறது. இந்த வேலையில் தன் காலம் வீணாகிறது என்று கவுஸே சலித்திருக்கிறார். 1824 இல் பெசல் என்ற வானியலாளருக்கு எழுதிய கடிதத்தில், உலகத்து அளவைகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு தேற்றத்துக்கு ஈடாகாது என்ற கருத்தில் எழுதினார். ஆனால் நடந்தது வேறு. அளந்து திரிந்த அந்தக் காலத்துக்குப் பிறகு, 1827 இல், வளைந்த பரப்புகள் பற்றிய அவருடைய ஆய்வு வந்தது. ஒரு பரப்பு வளைந்ததா என்பதை அதைவிட்டு வெளியே போகாமல், அதன் மேலேயே அளந்து கண்டுபிடிக்கலாம் என்பது அதிலுள்ள தேற்றம். அந்த மூன்று மலை முக்கோணத்தையும் அதில் உதாரணமாகக் காட்டுகிறார்: பூமியின் வளைவால் அதன் கோணங்கள் 180 பாகையைவிட ஏறக்குறைய 15 விகலை கூட. உருண்டைப் பூமியைத் தட்டைக் கடுதாசியில் பிழையில்லாமல் வரையவே முடியாது என்பதும் அந்தத் தேற்றத்தால் உறுதியாகிறது. அவருடைய மாணவர் றீமான் 1854 இல் அதை விரித்தார். 1915 இல் ஐன்ஸ்டைன் அந்தக் கணிதத்தில்தான் தன் ஈர்ப்புக் கோட்பாட்டை எழுதினார்.

வெளிவேலைக்குப் பிறகும் அளவை நிற்கவில்லை. அவருடைய மகன் யோசப் உட்பட இராணுவ அதிகாரிகள் 1844 வரை அளக்க, கவுஸ் கணக்குப் பார்த்தார். ஏறத்தாழ 2600 புள்ளிகளுக்கு இடம் குறித்தார்கள். அவர் பாவித்த வரைபட முறையைக் குறூகர் 1912 இல் விரித்து எழுதினார். அதே வகை முறையில்தான் இன்றும் பல நாடுகள் வரைபடம் போடுகின்றன. உங்கள் ரெலிபோன் நீங்கள் நிற்கிற இடத்தைக் காட்டுவதும் அப்படித்தான். தேவைக்கு அதிகமான செய்மதிகளின் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவராதபோது, ஒன்றையும் பொய்யன் என்று சொல்லாமல், எல்லாவற்றுக்கும் நடுவே நியாயமான இடத்தைத் தேடுகிறது.

போன வருசம் மகளைக் கூட்டிக்கொண்டு கோட்டிங்கனுக்குக் கிட்ட உள்ள ஹோகர் ஹாகனுக்குப் போனேன். அங்கே கவுஸ் பெயரில் ஒரு கோபுரம் நிற்கிறது. மேலே ஏறினோம். "அப்பா, இதில நிண்டு அவர் என்ன பாத்தவர்?" என்று கேட்டாள். தூரத்தில யாரோ கண்ணாடியைத் திருப்புற வெளிச்சத்தை, என்றேன்.

அண்ணாவைக் கொண்டுபோன திகதியை எங்கள் வீட்டில் நாங்கள் ஆளுக்கொரு நாளாகத்தான் வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு 13, தங்கச்சிக்கு 14, எனக்கு 12 அல்லது 15. முந்தி இதில் யார் சரியென்று வாதாடுவோம். இப்போது வாதாடுவதில்லை. ஆவணி நடுப்பகுதியில் ஒரு நாள் அவருக்காக விளக்கு வைக்கிறோம்.