மதகுக்கு மூடியாய்க் கிடந்த மும்மொழிக் கல்

1911ஆம் ஆண்டில், காலி நகரத்து மதகொன்றை மூடிக் கிடந்த கற்பலகையிலே எழுத்துக்கள் காணப்பட்டன. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள்! சீனக் கடற்றளபதி செங் ஹோ கொணர்ந்த அக்கல் 1409ஆம் ஆண்டுக்குரியது. சீன வாசகம் புத்தருக்கும், தமிழ் வாசகம் தெவிநுவரையில் எழுந்தருளிய தெனவரை நாயனாருக்கும், பாரசீக வாசகம் இஸ்லாமிய மரபுக்கும் காணிக்கை கூறுகின்றன. பாரசீகப் பகுதி பெரிதும் தேய்ந்துவிட்டது. மதகிலே இன்னுஞ் சிலகாலம் கிடந்திருப்பின் தமிழும் தப்பியிராது.

அக்கல்லுக்குப் புகலிடமாக ஒரு மனை முன்னரே எழுந்திருந்தது நற்பேறே. அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையினர் வேண்ட, தேசாதிபதி வில்லியம் கிரெகரி அமைத்த கொழும்பு நூதனசாலை 1877 ஜனவரி 1ஆந் திகதி திறக்கப்பட்டது. பேரரசரின் பெயரால் நாட்டப்பெற்ற அக்கல்லின் முன், இன்று பாடசாலைப் பிள்ளையும் நின்று தன் மொழியின் எழுத்தைத் தேடலாம்.