தோளில் ஒரு சிவப்புக் கழுகு

இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பட்டாளப் புகைப்படங்களைப் பார்த்தால், ஜவான்களின் சட்டைக் கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறிய துணிச் சின்னம் தைத்திருப்பது தெரியும். அது அவர்களுடைய டிவிஷனின் அடையாளம். எண் போட்டால் எந்தப் படை எங்கே நிற்கிறது என்று எதிரி சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவான். படமாக இருந்தால் நம் லாரி டிரைவருக்குப் புரியும், எழுதப் படிக்கத் தெரியாத ஜவானுக்கும் புரியும். ஐந்தாவது இந்திய டிவிஷனுக்குக் கறுப்புத் துணியில் சிவப்பு வட்டம். பர்மாவில் போரிட்ட பதினேழாவது டிவிஷனுக்குக் கறுப்புப் பூனை.

பட்டாள விஷயங்களைத் தேடிப் படிக்கும் எனக்கு மிகவும் பிடித்தது நாலாவது இந்திய டிவிஷனின் சின்னம்தான். கறுப்புச் சதுரத்தில் பறக்கும் சிவப்புக் கழுகு. 'ரெட் ஈகிள் டிவிஷன்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

1939-ல் போர் மூளும் தறுவாயில் இதன் முதல் பிரிவுகள் எகிப்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1940 டிசம்பரில் சிதி பர்ரானியில் இத்தாலியப் படையை முறியடித்தார்கள். அந்தக் களைப்பு தீருமுன்பே எரித்ரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே கெரன் என்ற ஊரைக் காக்கும் மலைகளில், மேலேயிருந்து எதிரி சுட, கீழேயிருந்து ஏற வேண்டிய சண்டை. 1941 மார்ச் கடைசியில்தான் கெரன் விழுந்தது. அந்த மலையில் உயிர் விட்ட சுபேதார் ரிச்பால் ராமுக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. பிறகு மறுபடியும் பாலைவனம், எதிரே ரோம்மெல். 1943 மே 12 அன்று துனிசியாவில் ஜெர்மன் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைந்ததும் இந்தக் கழுகுப் படையிடம்தான்.

அடுத்து இத்தாலி, மான்ட்டி காசினோ. காசினோ என்றால் நம் சென்னைக்காரர்களுக்கு அண்ணா சாலைப் பக்கத்துத் தியேட்டர்தான் ஞாபகம் வரும். இந்தக் காசினோ, மலை உச்சியில் பழைய மடாலயம் ஒன்று நின்ற இடம். 1944 பிப்ரவரி 15 அன்று நேச நாட்டு விமானங்கள் அந்த மடாலயத்தைக் குண்டு வீசித் தகர்த்தன. அதன்பின் ராஜபுத்தானா ரைபிள்ஸும் கூர்க்காக்களும் ஏறிப் பார்த்தும் மலை கைக்கு வரவில்லை.

இந்த டிவிஷனில் நம்மவர்களும் இருந்தார்கள். பாலம் கட்டவும், பாதை போடவும், கண்ணிவெடி எடுக்கவும் மதராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தின் கம்பெனிகள் கூடவே போயின. ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'. அவர்களில் ஒருவர் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம். மடாலயம் தகர்ந்து ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 24 அன்று, காசினோவுக்குப் பின்னால் மிஞ்ஞானோ என்ற இடத்தில் கண்ணிவெடி தேடும் வேலையில் இருந்தார். ஒரு கண்ணிவெடி கிளம்பிவிட்டது. சில விநாடிகளில் வெடிக்கும் என்று அவருக்குத் தெரியும். விலகி ஓடாமல் அதன்மேல் விழுந்து தன் உடம்பால் மூடிக்கொண்டார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் போய்விட்டார். எதிரியோடு நேருக்கு நேர் மோதாத சமயத்தில் காட்டும் வீரத்துக்கான மிக உயர்ந்த விருது ஜார்ஜ் கிராஸ். அது அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

1947-ல் நாடு பிரிந்தபோது பட்டாளமும் பிரிந்தது. இந்தக் கழுகை அணிந்து சண்டையிட்ட பதினாறாவது பஞ்சாப் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போனது. சின்னம் இந்தியாவிடம் தங்கியது. 1962-ல் சேலா, பொம்டிலா பகுதியில் இதே டிவிஷன் சீனர்களிடம் தோற்றுச் சிதறியது. மூன்றே வருஷத்தில், 1965 செப்டம்பரில், கேம்கரண் அருகே அசல் உத்தரில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளைத் தடுத்து நிறுத்தியதும் அதே டிவிஷன். அப்துல் ஹமீது பரம்வீர் சக்கரம் பெற்றது அந்தச் சண்டையில்தான்.

அப்துல் ஹமீதைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அவருக்கு இருபத்தோரு வருஷம் முன்பு, அதே டிவிஷனில் இருந்து உயிர் கொடுத்த நம் ஊர் சுபேதாரைப் பற்றி நான் கேட்ட பலருக்கும் தெரியவில்லை. அன்னிய ராஜாவுக்காகப் போன பட்டாளம்தானே என்று விட்டுவிட்டோமோ என்னவோ. அவர் காப்பாற்றியது ராஜாவை இல்லை, பக்கத்தில் நின்றவர்களை.

உங்கள் வீட்டுத் தாத்தாவோ பெரியப்பாவோ அந்தக் காலத்தில் பட்டாளத்தில் இருந்திருந்தால், பழைய டிரங்குப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். கறுப்புத் துணியில் சிவப்புக் கழுகு கிடைத்தால் கந்தலென்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவர் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். பேரப்பிள்ளைகள் கேட்கும்போது சொல்ல நமக்கு ஒரு கதை இருக்கும்.