சிப்பியோடு திரும்பியவர்கள்

கால்நடையாகத் திருப்பயணம் மேற்கொள்ளும் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு காட்சி முன்னரே வரையப்பட்டிருக்கும். தொலைவில் கோபுரம் தெரியும், மணி ஒலிக்கும், புண்பட்ட கால்களோடு முழந்தாளிடுவோம், அந்நொடியில் எல்லாம் நிறைவுறும். ஆனால் நிறைவு என்பது உண்மையில் அங்கேதான் கிடைக்கிறதா? ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் நடந்துவரும் ஒரு பாதையின் வரலாறு, இவ்வினாவுக்கு நாம் எதிர்பாராத விடையொன்றைத் தருகிறது.

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கில், கலீசியா பகுதியில் உள்ளது சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா. சந்தியாகோ என்பது திருத்தூதர் யாக்கோபின் ஸ்பானியப் பெயர். நம் கடலோரப் பங்குகளில் சந்தியாகப்பர் என்று நாம் போற்றும் புனிதர் இவரே. செபதேயுவின் மகன்; யோவானின் உடன்பிறந்தார்; ஏரோதின் வாளுக்கு இரையாகி, பன்னிருவருள் தம் குருதியால் சான்று பகர்ந்தவர்களாக விவிலியம் கூறுவோரில் முதல்வர். இவருடைய உடலைச் சீடர்கள் படகில் கலீசியாவுக்குக் கொணர்ந்து அடக்கம் செய்தனர் என்பது மரபு. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஈரியா நகரின் ஆயர் தியோதோமிர் அக்கல்லறை கண்டறியப்பட்டதாக அறிவித்தார். மன்னர் இரண்டாம் அல்போன்சோ அங்கே ஓர் ஆலயம் எழுப்பினார். 997-இல் அல்மன்சூரின் படை நகரை அழித்தது. எனினும் மக்கள் நடப்பது நிற்கவில்லை. 1075-இல் தொடங்கப்பெற்ற இன்றைய பேராலயம் 1211-இல் அர்ச்சிக்கப்பெற்றது.

அந்நாளைய பயணம் வீட்டு வாசலில் தொடங்கியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற ‘புனித யாக்கோபின் நூல்’ என்னும் கையெழுத்துச் சுவடியில் ஒரு நீண்ட மறையுரை உள்ளது. புறப்படுமுன் பயணி செய்யவேண்டியவற்றை அது எடுத்துரைக்கிறது. தீங்கிழைத்தவர்களை மன்னிக்க வேண்டும். முறைகேடாகப் பெற்றதைத் திருப்பித் தரவேண்டும். பங்குக் குருவிடமும் இல்லத்தாரிடமும் விடைபெற வேண்டும். அதன்பின் ஆலயத்தில் கோலும் பையும் மந்திரிக்கப்பெற்று அவர் கையில் அளிக்கப்பெறும். அப்பை சிறியது, அதன் வாய் கட்டப்படாதது. இறைவனை நம்பிச் செல்பவனுக்குச் சேமிப்பு மிகுதியாய் வேண்டாம். கொடுக்கவும் பெறவும் அவன் கை திறந்தே இருக்கட்டும் என்பது அதன் பொருள்.

பல வாரங்களின் நடைக்குப்பின் இறுதி நாள் வரும். அச்சுவடியின் வழிகாட்டிப் பகுதி, நகருக்கு அருகிலுள்ள லவகொல்லா நீரோடையில் பயணிகள் உடல் முழுவதும் கழுவித் தூய்மை பெற்றதைக் குறிப்பிடுகிறது. அடுத்து வருவது ‘மகிழ்ச்சியின் குன்று’. பேராலயக் கோபுரங்கள் முதன்முதலாகக் கண்ணில் பட்டது அங்கேதான். பேராலயத்தின் மேற்கு முகப்பில் சிற்பி மத்தேயோ செதுக்கிய ‘மாட்சியின் வாயில்’ இருக்கிறது. 1188 என்னும் ஆண்டு அதன் கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. அதன் நடுத்தூணில், ஈசாயின் அடிமரத்தினின்று கிறிஸ்து வரையிலான வழிமரபு கொடிபோல் படர்ந்திருக்கிறது. வந்தோர் அத்தூணில் கைவைத்து வேண்டினர். தலைமுறை தலைமுறையாகப் பதிந்த விரல்களால் பளிங்கில் ஐந்து குழிகள் விழுந்துள்ளன. இன்று அதைத் தொட இசைவில்லை. ஆயினும் அக்குழிகள் இன்னும் பேசுகின்றன. பீடத்தின் பின்னுள்ள படிகளில் ஏறித் திருத்தூதரின் உருவத்தைப் பின்னிருந்து தழுவுவதும், பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை உட்கொள்வதும் பயணத்தின் சிகரங்களாயின.

இத்தோடு கதை முடிந்தது என்று நாம் நினைப்போம். அந்நாளைய பயணியோ பாதி வழியைத்தான் கடந்திருந்தார். திரும்புவதற்கு ஊர்தி இல்லை. வந்த மலைகளையும் ஆறுகளையும் மீண்டும் நடந்தே கடக்க வேண்டும்.

இங்கேதான் சிப்பியின் பொருள் விளங்குகிறது. இன்று பயணிகள் முதல் நாளிலேயே தோள்பையில் சிப்பியைக் கட்டிக்கொள்கின்றனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது பயணத்தின் முடிவில் கிடைத்தது. பேராலயத்தின் வடக்கு முற்றத்தில் அதை வாங்கி, மேலாடையில் தைத்துக்கொண்டு ஊர் திரும்பினர். மேற்சொன்ன மறையுரை அதற்கும் விளக்கம் தருகிறது. சிப்பியின் இரு ஓடுகளும் அன்பின் இரு கட்டளைகள்: இறையன்பும் பிறரன்பும். அதன் வரிகள் கைவிரல்களைப் போன்றவை. அவை நற்செயல்களைக் குறிக்கும். ஆகவே சிப்பி அணிந்தவர், ‘நான் போய்வந்தேன்’ என்று பெருமை பேசுபவர் அல்லர். இனி எவ்வாறு வாழப்போகிறேன் என்று ஊரறிய வாக்களிப்பவர்.

சென்று சேர்வதே நிறைவு அன்று என்பதைத் திருச்சபை வேறொரு வகையிலும் உணர்த்தியது. கொம்போஸ்தெலாவுக்கு இன்னும் 180 கிலோமீட்டருக்கு மேல் இருக்கையில் வில்லாபிராங்கா என்னும் சிற்றூர் வருகிறது. அங்குள்ள சந்தியாகப்பர் ஆலயத்தில் ‘மன்னிப்பின் வாயில்’ ஒன்று உண்டு. நோயால் மேலே நடக்க இயலாதோர் அவ்வாயிலை அடைந்தாலே போதும். கல்லறையை அடைந்தவர் பெறும் அதே ஞானப்பலன் அவர்களுக்கும் கிடைத்தது. கோபுரத்தைக் காணாமலே பயணத்தை முழுமையாக முடித்தவர்கள் அவர்கள்.

1986-இல் இங்கிலாந்தின் வூஸ்டர் பேராலயத்தில் பழைய கல்லறை ஒன்று வெளிப்பட்டது. அடக்கம் செய்யப்பட்டவரின் கால்களில் நடைக்குரிய காலணிகள். அருகில் ஒரு கோல். துளையிட்ட ஒரு சிப்பி. என்றோ தாம் நடந்த பயணத்தின் அடையாளங்களோடு இறுதிப் பயணத்துக்கும் அவர் ஆயத்தமாயிருந்தார். வீடு திரும்பியதோடும் அவர் பயணம் முடிந்துவிடவில்லை.

பிற்காலத்தில் இப்பாதை ஏறத்தாழ மறக்கப்பட்டது. அச்சத்தால் மறைத்துவைக்கப்பட்டிருந்த திருப்பண்டங்கள் 1879-இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. 1884-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் அவற்றை ஏற்று உறுதிசெய்தார். 1980-களில் செப்ரெய்ரோ என்னும் மலையூரின் பங்குக்குரு எலியாஸ் வாலிஞா, பாதை நெடுகிலும் மஞ்சள் அம்புக்குறிகளைத் தீட்டி வழிகாட்டினார். 1989-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் மகிழ்ச்சியின் குன்றில் உலக இளையோரைச் சந்தித்தார். இன்று இறுதி 100 கிலோமீட்டரையேனும் நடந்து வருவோர்க்குச் சான்றிதழ் தரப்படுகிறது. 2023-இல் அதைப் பெற்றோர் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

இன்றைய பயணி ஒரு மாதம் நடந்து, சில மணி நேரத்தில் விமானத்தில் திரும்பிவிடுகிறார். பேராலய முற்றத்தில் நிற்கையில் மகிழ்ச்சியோடு ஏதோ ஒரு வெறுமையும் பலரைச் சூழ்கிறது. ‘இவ்வளவுதானா?’ என்று நெஞ்சு கேட்கிறது. அது நம்பிக்கைக் குறைவு அன்று. பயணத்தின் மறுபாதி இன்னும் நடக்கப்படவில்லை என்னும் அழைப்பு அது.

எம்மாவு சென்ற சீடர்களை நினைப்போம். அப்பம் பிடுகையில் அவர்கள் கண்கள் திறந்தன. ஆனால் அவர்கள் அவ்வீட்டிலேயே தங்கிவிடவில்லை. அந்நேரமே எழுந்து, இருளில், எருசலேமுக்குத் திரும்பினர். ஆண்டவரைக் கண்டதன் நிறைவு அவர்களின் திரும்பிய கால்களில் வெளிப்பட்டது.

நம் திருத்தலங்களை நோக்கி நடக்கும் நாமும், நேர்ச்சையைச் செலுத்தியதும் கடமை முடிந்ததென்று ஊர்தியேறுகிறோம். வீட்டில் காத்திருப்பது புறப்படுமுன் நாம் பேசாது விட்ட சகோதரன். தீர்க்காது விட்ட கடன். கேட்காது விட்ட மன்னிப்பு. அவ்வாசலில் நாம் எடுத்துவைக்கும் அடியே திருப்பயணத்தின் கடைசி அடி. அதையும் நடந்து முடிப்போம்.