குடவோலைப் பையனும் ஒன்பது ஜூரிகளும்

எங்க உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாத்திருக்கீங்களா? பராந்தக சோழன் காலத்து (921) கல்வெட்டு. குடத்துலேர்ந்து ஓலை எடுக்க, உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத சின்னப் பையன்தான் வேணுமாம். கணக்கு காட்டாதவனோட சொந்தக்காரனுக்கும் வாரியத்துல இடமில்லை. தெரிஞ்சவன் கை மேல அவ்வளவு பயம்!

1945-ல சென்னை உயர்நீதிமன்றத்துல லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. ஒன்பது ஜூரிகள். கூண்டுல பாகவதரும் கலைவாணரும். இறந்தவரோ நடிகர்களைப் பத்தி கிசுகிசு எழுதினவர். ஊரே வாசிச்சதை ஜூரிகள் மட்டும் வாசிக்காமயா இருந்திருப்பாங்க? கொலைக்குக் காரணம் முன்னாடியே தெரிஞ்சுட்டா, சாட்சியில ஓட்டை இருந்தாலும் மனசே கதையை முடிச்சுடும். ஆறுக்கு மூணுன்னு 'குற்றவாளி'. ஆயுள் தண்டனை. அந்த மூணு பேர் என்ன யோசிச்சாங்கங்கறதுதான் எனக்குக் குடைச்சல். ஜூரிதான் காரணம் சொல்லவே வேண்டாமே!

லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி, 1947-ல உயர்நீதிமன்றம் விடுதலை பண்ணுச்சு. அதுக்குள்ள ரெண்டு வருஷத்துக்கு மேல சிறை. வெளியே பிராட்வே தியேட்டர்ல 'ஹரிதாஸ்' பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு.